எக்ஸ்பி கணினிக்கு எஸ்எஸ்டி: ட்ரிம் இல்லாவிட்டால் என்ன ஆகும்?

கேட்டவரின் நிலைமை இது: கோர் 2 டியோ கணினி, அதில் விண்டோஸ் எக்ஸ்பி. ஓர் இயந்திரத்தோடு வந்த மென்பொருள் எக்ஸ்பியைத் தவிர வேறெதிலும் ஓடாது. உள்ளே இருக்கும் 160 ஜிபி ஹார்டு டிஸ்க் கரகரவென்று சத்தம் போடத் தொடங்கிவிட்டது. அதற்குப் பதில் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் ஃபிளாஷ் சில்லுகளில் தகவலை வைக்கும் டிரைவ்) மாற்றலாம் என்று பார்த்தால், "எக்ஸ்பிக்கு ட்ரிம் தெரியாது, ஆறு மாதத்தில் எஸ்எஸ்டி செத்துப்போகும்" என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள்.

மாற்றுங்கள். ட்ரிம் என்பது, நீக்கிய ஃபைல்களின் இடம் இனி வேண்டாம் என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் கட்டளை. அது இல்லை என்பதற்காக எந்த எஸ்எஸ்டியும் ஆறு மாதத்தில் சாகாது. ஆனால் ட்ரிம் இல்லாத கணினியில் எஸ்எஸ்டியைப் பொருத்தும் அன்றே செய்ய வேண்டிய சில வேலைகள் உண்டு. அவற்றை விட்டுவிட்டு, வேகம் குறைந்தபிறகு சரிசெய்யப் போனால் எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். அதனால் காரணத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

எஸ்எஸ்டிக்குள் இருக்கும் ஃபிளாஷ் சில்லுகளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எழுதிய இடத்தின் மேலேயே மறுபடி எழுத முடியாது. முதலில் அழிக்க வேண்டும். எழுதுவது சிறு சிறு பேஜ்களாக நடக்கும், ஒரு பேஜ் 4 கேபி, 8 கேபி, 16 கேபி என்ற அளவில் இருக்கும். அழிப்பதோ நூற்றுக்கணக்கான பேஜ்கள் சேர்ந்த ஒரு முழு பிளாக்காக மட்டுமே நடக்கும். ஒரு பேஜை மட்டும் தனியாகத் துடைக்க வழியில்லை.

இதை ஒரு நெல் கிடங்காக நினைத்துக்கொள்ளுங்கள். அறையைக் கழுவினால் முழு அறையாகத்தான் கழுவ முடியும். முன்வாசலில் கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார். அவர்தான் ஃபைல் சிஸ்டம். ஒரு ஃபைலை நீங்கள் நீக்கும்போது அவர் தன் பேரேட்டில் ஒரு கோடு போட்டு அடிக்கிறார், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் கிடங்குக்காரருக்கு, அதாவது எஸ்எஸ்டியின் கன்ட்ரோலருக்கு, அவர் எதுவும் சொல்வதில்லை. கிடங்குக்காரர் அடுத்து ஓர் அறையைக் காலி செய்ய நினைக்கும்போது, விற்றுத் தீர்ந்த கணக்கில் இருக்கும் மூட்டைகளையும் பத்திரமாகத் தூக்கி வேறு அறையில் அடுக்குகிறார். "இந்த மூட்டைகள் இனி வேண்டாம்" என்று கணக்குப்பிள்ளை உள்ளே குரல் கொடுப்பதற்குப் பெயர்தான் ட்ரிம்.

விண்டோஸில் அந்தக் குரல் 2009 அக்டோபரில் வந்த விண்டோஸ் 7-இல்தான் முதலில் கேட்டது. எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் அது கிடையாது. லினக்ஸில் 2010 தொடக்கத்தில் வந்த 2.6.33 கெர்னலிலிருந்து (கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி) உண்டு.

வீண் சுமை எவ்வளவு என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பிளாக்கில் 128 பேஜ் என்று வைத்துக்கொள்வோம். அதில் 112 பேஜ் உயிரோடு இருப்பதாக கன்ட்ரோலர் நம்பினால், அந்த 112-ஐயும் வேறிடத்துக்கு நகல் எடுத்த பிறகுதான் பிளாக்கை அழிக்க முடியும். கிடைக்கும் லாபம் 16 பேஜ். நீங்கள் எழுதக் கேட்டது 16, ஃபிளாஷில் எழுதப்பட்டது மொத்தம் 128. எட்டு மடங்கு. அதே பிளாக்கில் 64 பேஜ்தான் உயிரோடு இருக்கிறது என்றால் இந்தப் பெருக்கம் இரண்டு மடங்கோடு நின்றுவிடும். எழுதும் வேகம் விழுவதும் ஆயுள் குறைவதும் இந்தப் பெருக்கத்தால்தான். படிக்கும் வேகத்துக்கு இதனால் பெரிய பாதிப்பு இல்லை. பழைய கணினியில் நாம் எஸ்எஸ்டி போடுவதே பெரும்பாலும் படிக்கும் வேகத்துக்காகத்தானே: விண்டோஸ் ஏற, மென்பொருள் திறக்க.

பலரும் கவனிக்காத இன்னொரு விஷயம் இருக்கிறது. கன்ட்ரோலர் முழுக் குருடு அல்ல. அதே முகவரியில் புதிய தகவல் எழுதப்பட்டால், பழையது செத்துவிட்டது என்று அதற்குத் தானாகவே தெரிந்துவிடும். நீக்கிய ஃபைல் இருந்த இடத்தில் எக்ஸ்பி நாளைக்கு வேறொரு ஃபைலை வைத்தால் அந்தக் கணமே கணக்கு நேராகிவிடுகிறது. ஆக, கன்ட்ரோலர் சுமக்கும் பிணங்களின் எண்ணிக்கைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு: உங்கள் பார்ட்டிஷனின் (டிரைவில் நீங்கள் பிரித்து ஒதுக்கும் பகுதியின்) அளவு. பார்ட்டிஷன் 240 ஜிபி என்றால், நீங்கள் பயன்படுத்துவது 30 ஜிபியாகவே இருந்தாலும், நாளடைவில் ஃபைல்கள் அங்குமிங்கும் எழுதப்பட்டு 240 ஜிபியும் நிறைந்துவிட்டதாகவே எஸ்எஸ்டி நினைக்கும். பார்ட்டிஷன் 100 ஜிபி என்றால், எவ்வளவு மோசமாகப் போனாலும் 100 ஜிபிதான். மீதி இடம் முழுக்க கன்ட்ரோலர் புழங்குவதற்கான காலி அறைகள்.

அதனால் என் முதல் ஆலோசனை: 120 ஜிபி போதும் என்று தோன்றினாலும் 240 ஜிபி வாங்குங்கள், அதில் 100 முதல் 120 ஜிபி வரை மட்டும் பார்ட்டிஷன் போடுங்கள், மீதியைத் தொடவே தொடாதீர்கள். "காசு கொடுத்து வாங்கிய இடத்தைச் சும்மா விடுவதா" என்று மனசு அடித்துக்கொள்ளும். அந்த இடம் சும்மா இருக்கவில்லை, ட்ரிம் செய்ய வேண்டிய வேலையை அது செய்துகொண்டிருக்கிறது. நிறுவனங்களே இதைத்தான் செய்கின்றன. 240 ஜிபி என்று விற்கும் டிரைவில் வழக்கமாக 256 கிபிபைட் (GiB), அதாவது ஏறக்குறைய 275 ஜிபி ஃபிளாஷ் இருக்கும். மறைத்து வைத்த மிச்சம் கன்ட்ரோலருக்கு. நாம் அதை இன்னும் தாராளமாக்குகிறோம்.

இதில் ஒரே கல்லில் இன்னொரு மாங்காயும் விழுகிறது. 28 பிட் முகவரி மட்டும் தெரிந்த பழைய பயாஸ்களும் (பயாஸ் என்பது கணினியைத் தொடங்கிவைக்கும் மதர்போர்டு மென்பொருள்), சர்வீஸ் பேக் எதுவும் போடாத முதல் எக்ஸ்பியும் 137 ஜிபிக்கு மேல் பார்க்காது. அந்த எல்லையைத் தாண்டி எழுதப்போய் டிஸ்க்கின் தொடக்கத்திலேயே எழுதிக் கெடுத்த கதைகள் அந்தக் காலத்தில் நிறைய. பார்ட்டிஷன் 120 ஜிபிக்குள் நின்றுவிட்டால் அந்த வம்பே இல்லை.

ஆனால் ஒரு நிபந்தனை. தொடாமல் விட்ட இடம் உண்மையிலேயே காலி என்று எஸ்எஸ்டிக்குத் தெரிந்திருக்க வேண்டும். புத்தம் புதிய டிரைவ் என்றால் கவலையில்லை. ஏற்கெனவே எங்காவது ஓடிய டிரைவ் என்றால், பார்ட்டிஷனை நீக்கியதால் மட்டும் உள்ளே எதுவும் காலியாகிவிடாது. கணக்குப்பிள்ளை பேரேட்டையே கிழித்துப் போட்டாலும் மூட்டைகள் அப்படியே கிடக்கும். விண்டோஸ் 10 ஓடும் வேறொரு கணினியில் அந்த டிரைவை நேராக சாட்டா போர்ட்டில் (மதர்போர்டில் டிரைவ் மாட்டும் இணைப்பில்) மாட்டி, முழு அளவுக்கும் ஒரு பார்ட்டிஷன் போட்டு, குயிக் ஃபார்மட் கொடுங்கள். விண்டோஸ் 7 முதல் குயிக் ஃபார்மட் செய்யும்போதே அந்தப் பார்ட்டிஷன் முழுவதற்கும் ட்ரிம் போய்விடுகிறது. பிறகு அதை நீக்கிவிட்டு உங்களுக்கு வேண்டிய சிறிய பார்ட்டிஷனைப் போடுங்கள். லினக்ஸ் பழக்கம் இருந்தால் பிளாக்டிஸ்கார்டு என்ற கட்டளை ஒரே வரியில் முடித்துவிடும். எதைச் செய்தாலும் டிரைவில் இருப்பது போய்விடும், நினைவிருக்கட்டும்.

அந்த வேறு கணினியில் டிரைவ் இருக்கும்போதே இரண்டாவது முக்கிய வேலையையும் முடித்துவிடலாம்: பார்ட்டிஷனின் தொடக்கப் புள்ளி. என் அனுபவத்தில் எக்ஸ்பியில் எஸ்எஸ்டி போட்டு "வேகமே இல்லை" என்று புலம்புபவர்களில் பாதிப் பேருக்கு ட்ரிம் பிரச்சினையே இல்லை, இதுதான் பிரச்சினை.

எக்ஸ்பியின் இன்ஸ்டாலர் முதல் பார்ட்டிஷனை 63-ஆவது செக்டாரில் (ஒரு செக்டார் 512 பைட்) தொடங்கும். ஹார்டு டிஸ்க்கின் சிலிண்டர், ஹெட் கணக்கு காலத்துப் பழக்கம் அது. 63 செக்டார் என்பது 32,256 பைட். அதை 4096-ஆல் வகுத்தால் 7.875 வருகிறது, முழு எண் இல்லை. விளைவு, எக்ஸ்பி எழுதும் ஒவ்வொரு 4 கேபி துண்டும் எஸ்எஸ்டியின் இரண்டு துண்டுகள் மேல் காலை அகட்டி உட்காரும். ஒரு துண்டை எழுத இரண்டைப் படித்து, திருத்தி, இரண்டையும் எழுத வேண்டும். ட்ரிம் இல்லாததால் வரும் பெருக்கத்தின் மேல் இது இன்னொரு பெருக்கம். விஸ்டாவிலிருந்து பார்ட்டிஷன்கள் 1,048,576 பைட்டில், அதாவது சரியாக 1 மெபிபைட்டில் தொடங்குகின்றன. அதனால் விண்டோஸ் 10-இலோ லினக்ஸின் பார்ட்டிஷன் கருவியான ஜிபார்ட்டடிலோ பார்ட்டிஷனை முன்கூட்டியே போட்டு, என்டிஎஃப்எஸ் ஃபார்மட்டும் செய்துவிட்டு, எக்ஸ்பி இன்ஸ்டாலரில் இருக்கிற பார்ட்டிஷனையே தேர்ந்தெடுங்கள். அங்கே போய் "நீக்கிவிட்டுப் புதிதாகப் போடலாமே" என்று கை வைத்தால் மீண்டும் 63தான். டிரைவின் பார்ட்டிஷன் பட்டியலை எம்பிஆர் என்ற பழைய முறையில் தொடங்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. ஜிபிடி என்ற புதிய முறை என்றால் 32 பிட் எக்ஸ்பி திரும்பிக்கூடப் பார்க்காது.

ஏற்கெனவே ஓடும் எக்ஸ்பியில் எப்படி இருக்கிறது என்று பார்க்க, ரன் பெட்டியில் எம்எஸ்இன்ஃபோ32 கொடுத்து, டிஸ்க் விவரத்தில் பார்ட்டிஷன் தொடங்கும் இடத்தைப் பாருங்கள். 32,256 என்றிருந்தால் தப்பு. நான் முதன்முதலில் செய்த எக்ஸ்பி மாற்றத்தில் இந்த எண்ணைப் பார்க்கவே இல்லை. பழைய டிஸ்க்கை செக்டார் செக்டாராக அப்படியே நகல் எடுத்து மாட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று வந்துவிட்டேன். ஒரே வேலையில் இரண்டு தவறு: 63 அப்படியே வந்துவிட்டது, பழைய டிஸ்க்கில் காலியாக இருந்த இடத்தின் குப்பையும் நகலாகி, எஸ்எஸ்டி முதல் நாளே "நான் நிறைந்துவிட்டேன்" என்று நினைத்துக்கொண்டது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதற்கே போனது. நகல் எடுக்கத்தான் வேண்டும் என்றால், பயன்பாட்டில் இருக்கும் பகுதியை மட்டும் எடுக்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள். குளோன்ஜில்லா என்ற நகல் மென்பொருள் வழக்கமாகவே அப்படித்தான் செய்யும். பிறகு ஜிபார்ட்டடில் பார்ட்டிஷனை 1 மெபிபைட்டுக்கு நகர்த்தலாம். நகர்த்திய பிறகு சில கணினிகளில் எக்ஸ்பி பூட் ஆக மறுப்பதுண்டு. அதனால் பழைய டிஸ்க்கை அழித்துவிடாதீர்கள்.

சாட்டா டிரைவோடு பேச பயாஸில் இரண்டு முறைகள் உண்டு: பழைய ஐடிஇ, புதிய ஏஹெச்சிஐ. ஏஹெச்சிஐ போட வேண்டுமா? ஐடிஇ முறையில் நிறுவிய எக்ஸ்பியை அப்படியே வைத்துக்கொண்டு பயாஸில் மட்டும் மாற்றினால் 0x0000007B என்ற நீலத்திரை வரும். எக்ஸ்பியில் ஏஹெச்சிஐ டிரைவர் ஏற்ற நிறுவும்போது எஃப்6 அழுத்தி ஃபிளாப்பி கொடுக்க வேண்டும். இதற்காக ஃபிளாப்பி தேடி அலைய வேண்டியதில்லை. ஒற்றை ஆள் பயன்படுத்தும் கணினியில் ஐடிஇ முறையே போதும்.

எந்த டிரைவ் வாங்குவது என்பதில் இன்றைக்கு ஒரு புதுச் சிக்கல் இருக்கிறது. இப்போதைய மலிவு டிஎல்சி, கியூஎல்சி டிரைவ்கள் (ஒரு ஃபிளாஷ் செல்லில் முறையே மூன்று, நான்கு பிட் அடைப்பவை), காலியாக இருக்கும் பிளாக்குகளைத் தற்காலிகமாக எஸ்எல்சி போல (செல்லுக்கு ஒரே பிட்) வேகமாக எழுதி, பிறகு சாவகாசமாக அடுக்கிக்கொள்கின்றன. காலி இடம் எவ்வளவோ அவ்வளவுதான் இந்த வேக அறை. ட்ரிம் இல்லாமல் டிரைவ் நிறைந்துவிட்டதாக நினைத்தால் வேக அறை சுருங்கிப்போகும். அப்புறம் தெரிவது ஃபிளாஷின் சொந்த, மெதுவான முகம். ஆகவே கியூஎல்சியைத் தவிருங்கள். பழைய சர்வர்களிலிருந்து கழற்றி விற்கும் என்டர்பிரைஸ் சாட்டா டிரைவ் நல்ல நிலையில் கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன். 100, 200, 400 ஜிபி என்று அளவு இருப்பவற்றில் மறைத்து வைத்த இடம் சாதாரண டிரைவைவிட அதிகம். பலவற்றில் திடீர் மின்வெட்டைச் சமாளிக்கும் கெப்பாசிட்டரும் இருக்கும். வாங்கும் முன் ஸ்மார்ட் விவரத்தில் (டிரைவ் தன் நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்பில்) தேய்மானத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாட்டா 2 போர்ட்டில் எப்படியும் நொடிக்கு 300 எம்பிக்கு மேல் போகாது. அதனால் "560 எம்பி வேகம்" என்று பெட்டியில் போட்டிருப்பதற்குக் கூடுதல் பணம் தர வேண்டாம். உங்களுக்குக் கிடைக்கப்போகும் மாற்றம் வேறிடத்தில் இருக்கிறது. 7200 ஆர்பிஎம் ஹார்டு டிஸ்க் ஒரு சிதறிய துண்டைத் தேடிப் படிக்க 12 மில்லிநொடிக்கு மேல் எடுக்கும், எஸ்எஸ்டிக்கு 0.1 மில்லிநொடி அளவுதான். ட்ரிம் இல்லாமல் களைத்துப்போன எஸ்எஸ்டிகூட இந்த விஷயத்தில் ஹார்டு டிஸ்க்கைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

ஆயுள் பயத்துக்கும் ஒரு கணக்கு. கிங்ஸ்டன் ஏ400-இன் 120 ஜிபி டிரைவுக்கே 40 டிபி (40,000 ஜிபி) எழுதும்வரை உத்தரவாதம் தருகிறார்கள். ஓர் இயந்திரத்தை ஓட்டும் எக்ஸ்பி நாளொன்றுக்கு 5 ஜிபி எழுதினால் பெரிது. அந்தக் கணக்கில் 8,000 நாள், கிட்டத்தட்ட 22 ஆண்டு. ட்ரிம் இல்லாமல் தேய்மானம் மூன்று மடங்கானாலும் ஏழு ஆண்டு. அதற்குள் மதர்போர்டின் கெப்பாசிட்டர் வீங்கிவிடும்.

எக்ஸ்பிக்குள் மாற்ற வேண்டியவை என்று நீளமான பட்டியல்கள் சுற்றுகின்றன. பாதிக்கு மேல் மூடநம்பிக்கை. கட்டாயம் நிறுத்த வேண்டியது, சிதறிய ஃபைல் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டிஃப்ராக், அதிலும் எக்ஸ்பி சும்மா இருக்கும்போது தானாகச் செய்யும் பூட் டிஃப்ராக்கையும் சேர்த்து. டிஃப்ராக் ஒவ்வொரு ஃபைலையும் புதிய முகவரிக்கு மாற்றுகிறது. பழைய முகவரியில் இருப்பது செத்துவிட்டது என்று எஸ்எஸ்டிக்குத் தெரியாது. பிணங்களை உற்பத்தி செய்ய இதைவிட நல்ல வழி இல்லை. ஃபைலைத் திறக்கும்போதெல்லாம் நேரம் குறிக்கும் வசதியையும் நிறுத்திவிடலாம். நினைவகம் போதாதபோது எக்ஸ்பி டிஸ்க்கில் பயன்படுத்தும் பேஜ் ஃபைலை அப்படியே விட்டுவிடுங்கள். அது ஒரே முகவரிகளில் திரும்பத் திரும்ப எழுதுவதால் மேலே சொன்னபடி பிணம் சேர்வதில்லை. நினைவகம் 512 எம்பிதான் என்றால் அதைக் கூட்டுவதுதான் வைத்தியம்.

"காலி இடத்தைச் சுத்தம் செய்யும்" மென்பொருள்களை மட்டும் ஓட்டிவிடாதீர்கள். அவை காலி இடம் முழுக்கப் பூஜ்யம் எழுதும். நமக்குத்தான் அது காலி. பெரும்பாலான எஸ்எஸ்டிகளுக்குப் பூஜ்யமும் ஒரு தகவல், பாதுகாக்க வேண்டிய மூட்டை. ஒரே இரவில் டிரைவை முழுக்க நிரப்பிவிடுவீர்கள்.

அப்படியும் ஒரு காலத்துக்குப் பிறகு எழுதும்போது திக்கினால், எக்ஸ்பிக்கு வெளியிலிருந்து ட்ரிம் அனுப்பலாம். இன்டெல் தன் எக்ஸ்25-எம் இரண்டாம் தலைமுறை டிரைவ்களுக்கு, எக்ஸ்பியிலிருந்தே கையால் ட்ரிம் அனுப்பும் ஒரு கருவியைத் தந்தது. இன்று அப்படி எதிர்பார்க்க முடியாது. டிரைவைக் கழற்றி விண்டோஸ் 10 கணினியின் சாட்டா போர்ட்டில் மாட்டி, ஆப்டிமைஸ் கொடுத்தால் போதும், அது எஸ்எஸ்டிக்கு டிஃப்ராக் செய்யாது, ட்ரிம்தான் அனுப்பும். கழற்ற மனமில்லையென்றால் லினக்ஸ் யுஎஸ்பியில் பூட் செய்து, என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனை மவுன்ட் செய்து, எஃப்எஸ்ட்ரிம் ஓட்டுங்கள். இரண்டுக்கும் முன்னால் எக்ஸ்பியை முறையாக ஷட்டவுன் செய்யுங்கள். ஹைபர்நேட்டில் இருக்கும் பார்ட்டிஷனை வேறு சிஸ்டம் தொட்டால் ஃபைல்கள் கெடும். இடம் தாராளமாக விட்டிருந்தால் வருடத்துக்கு ஒருமுறை செய்தாலே அதிகம்.

இதே கேள்வியை வேறு பழைய கணினிகளுக்காகக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. 2.6.18 கெர்னலோடு வந்த ரெட் ஹாட் 5 போன்ற சர்வர்களுக்கும், பல டிரைவ்களை ஒன்றாக்கும் பழைய ரெய்டு கார்டுக்குப் பின்னால் இருக்கும் டிரைவ்களுக்கும் இடம் விடும் வழிதான் உதவும். ஆப்பரேட்டிங் சிஸ்டம் ட்ரிம் அனுப்பினாலும் அத்தகைய கார்டுகளில் பெரும்பாலானவை அதை டிரைவிடம் சேர்ப்பதில்லை. மேக்கில் ஆப்பிள் பொருத்தித் தராத எஸ்எஸ்டிகளுக்கு அதிகாரபூர்வமாக ட்ரிம் இயக்கும் கட்டளை 10.10.4-இல், 2015-இல்தான் வந்தது. இன்டெலுக்கு முந்தைய பவர்பிசி சில்லு மேக்குகள் 10.5-ஓடு நின்றுவிட்டதால் அவற்றுக்கு வழியே இல்லை. ஐடிஇ கேபிள் மட்டும் இருக்கும் பென்டியம் காலத்து இயந்திரங்களுக்கு சாட்டாவை ஐடிஇ ஆக்கும் சிறு அடாப்டர் கிடைக்கும். அதன் வழியாக ட்ரிம் போகும் என்று நம்பி இருக்க வேண்டாம், பராமரிப்புக்கு டிரைவைக் கழற்றி நேராக சாட்டாவில் மாட்டுங்கள். வியா விடி8237 சிப்செட் உள்ள போர்டு என்றால் இன்னும் கவனம்: அதன் சாட்டா போர்ட் புதிய டிரைவ்களோடு வேகத்தைப் பேசி இறங்கி வரத் தெரியாமல் டிரைவே இல்லை என்று சொல்லிவிடும். ஹார்டு டிஸ்க்கில் 1.5 ஜிபிட்டுக்கு இறக்க ஜம்பர் இருந்தது, எஸ்எஸ்டியில் அது கிடையாது.

உங்கள் விஷயத்தில் கடைசியாக ஒன்று, இதை முதலிலேயே சரிபாருங்கள். இயந்திரங்களோடு வரும் மென்பொருள்களில் சில, உரிமத்தை டிஸ்க்கின் வால்யூம் சீரியல் எண்ணோடு கட்டிவைத்திருக்கும். குளோன் செய்தால் அந்த எண் கூடவே வரும். புதிதாக ஃபார்மட் செய்து நிறுவினால் மாறிவிடும். வன்பொருளின் சீரியல் எண்ணையே பார்க்கும் மென்பொருள் என்றால் குளோனும் உதவாது, விற்றவரிடம் பேசியாக வேண்டும். அதுவரை கரகரக்கும் அந்த 160 ஜிபி டிஸ்க்கைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். முழு இமேஜ் (டிஸ்க்கின் அச்சு நகல்) எடுத்து வேறொரு ஹார்டு டிஸ்க்கில் வைத்துவிட்டு, பழைய டிஸ்க்கை ஒரு கவரில் போட்டு அலமாரியில் வையுங்கள். இமேஜை இன்னொரு எஸ்எஸ்டியில் போட்டு வருடக்கணக்கில் அலமாரியில் வைப்பது வேண்டாம்; மின்சாரமே காட்டாமல் கிடக்கும் ஃபிளாஷ் மெல்ல மெல்லத் தகவலை மறந்துவிடும்.